கதையில் கண்ட கல்லூரியும் மாளிகையும்

சில ஊர்களை நாம் காலால் மிதிக்கு முன்னரே மனத்தால் மிதித்துவிடுகின்றோம். மதுரையை ஒருநாளும் கண்டிராத யாழ்ப்பாணத்து மாணவன் சிலப்பதிகாரத்தைப் படிக்கும்போதே அதன் வீதிகளில் நடந்துவிடுகின்றான். பின்னொரு காலத்தில் மெய்யாகவே அவ்வூரில் சென்று இறங்கும்போது, கண்முன் நிற்கும் ஊர் ஒன்று, கருத்துள் நிற்கும் ஊர் ஒன்று என இரண்டு ஊர்களை ஒருங்கே காண்கின்றான்.

இங்கிலாந்திலே அத்தகைய இரட்டை வாழ்வு பெற்ற இடங்கள் இரண்டினைப் பற்றியது இக்கட்டுரை. ஒன்று, ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலை. மற்றொன்று, அதற்கு வடக்கே ஏறக்குறைய இருநூறு மைல் தொலைவில், யோர்க்ஷயர்ப் பகுதியின் மேட்டுநிலங்களிடையே நிற்கும் காசில் ஹவார்ட் என்னும் மாளிகை. இவ்விரண்டையும் ஒரே கதையினால் இணைத்து உலகறியச் செய்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். ‘பிரைட்ஸ்ஹெட் ரிவிசிட்டட்’ என்பது அதன் பெயர். பிரைட்ஸ்ஹெட்டை மீண்டும் காணல் என்பது அதன் பொருள். எவ்லின் வோ 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைக் கிரனாடா நிறுவனத்தார் பதினொரு பகுதிகளாகப் படம் பிடித்தனர். 1981 ஒக்டோபர் 12 ஆந் திகதி தொடங்கிய ஒளிபரப்பு டிசெம்பர் 22 ஆந் திகதி நிறைவெய்தியது.

அண்மையில் அத்தொடர் முழுவதையும் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததும், கதை நிகழ்ந்த இடங்களை நேரிற் காணவேண்டுமென்ற அவா எழுந்தது. அவ்வாறு மேற்கொண்ட பிரயாணத்திற் கண்டவற்றையும், இருபது வயதிற் கண்ட கதைக்கும் அறுபதைக் கடந்தபின் கண்ட அதே கதைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கதைச் சுருக்கம்

கதை போர்க்காலத்தில் தொடங்குகின்றது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, நாற்பது வயதை எட்டும் கப்டன் சார்ல்ஸ் றைடர் தன் படைப்பிரிவுடன் இரவோடிரவாக ஓரிடத்துக்கு வந்து சேருகின்றான். விடிந்ததும் இடத்தின் பெயரைக் கேட்கின்றான். ‘பிரைட்ஸ்ஹெட்’ என்று விடை வருகின்றது. அந்த ஒரு சொல் அவனை இருபது ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் செல்கின்றது.

1920களின் தொடக்கத்தில் அவன் ஒக்ஸ்போர்டில் சரித்திர மாணவன். தாயில்லாப் பிள்ளை, தந்தையோ புத்தகங்களுக்குள் மறைந்து வாழ்பவர். பிரபு குலத்துப் பிள்ளையாகிய செபஸ்தியன் பிளைட் என்பவனோடு அவனுக்குச் சிநேகம் ஏற்படுகின்றது. செபஸ்தியன் பேரழகன், வேடிக்கைக்காரன். அலோய்சியஸ் என்ற கரடிப் பொம்மையொன்றை எங்கு சென்றாலும் கையில் ஏந்திச் செல்வான். அவனுடைய குடும்பத்து மாளிகையே பிரைட்ஸ்ஹெட். அங்கு ஒரு கோடை முழுவதும் நண்பர் இருவரும் கவலையறியாது களிக்கின்றனர். பின்னர் செபஸ்தியனை மது பற்றிக்கொள்கின்றது. தாயும் உறவினரும் நண்பனும் தடுத்தும் தாங்கியும் பார்க்கின்றனர், பயனில்லை. கல்லூரியை விட்டு நீங்குகின்றான்; நாட்டை விட்டும் நீங்குகின்றான். சார்ல்ஸ் ஓவியனாகிப் பெயரும் பொருளும் ஈட்டுகின்றான். பின்னாளில் நண்பனின் தங்கை ஜூலியாவை நேசித்து, அவளையும் இழக்கின்றான். ஈற்றில் எஞ்சி நிற்பது மாளிகை மாத்திரமே.

சார்ல்சாக ஜெரமி ஐயன்சும், செபஸ்தியனாக அந்தனி அன்ட்ரூசும் நடித்தனர். அந்நாளில் ஆங்கில நாடக மேடையின் இரு சிகரங்களாக விளங்கிய லோரன்ஸ் ஒலிவியரும் ஜோன் கீல்கட்டும் இருவேறு தந்தையராகத் தோன்றினர். 1979 இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் குறுக்கிட்டது. மாதக்கணக்கில் வேலை நின்றது. தொடங்கிய இயக்குநர் வேறு பணிக்குச் செல்லவேண்டியதாயிற்று. இருபத்தெட்டு வயதே நிரம்பிய சார்ல்ஸ் ஸ்டரிட்ஜ் என்பவர் பொறுப்பை ஏற்றார். அந்த இடையூறே தொடருக்கு நன்மையாக முடிந்ததென்பர். கிடைத்த அவகாசத்தில் கதைவசனம் விரிவாக்கப்பட்டு, நாவலின் நடை குலையாமல், ஏறக்குறைய பதினொரு மணி நேரத்துக்கு நீண்டது.

முதல் முறை பார்த்த காலம்

1981 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வட லண்டனில் இலங்கை மாணவர் சிலர் ஒன்றாகக் குடியிருந்த வீடொன்றில் இத்தொடரை முதன்முதலிற் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு பகுதி. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அனைவரும் பெட்டியின் முன் கூடுவோம். கணக்கியல் படிப்பவர், பொறியியல் படிப்பவர், பகலில் படித்து இரவில் எண்ணெய் நிலையத்தில் வேலைசெய்பவர் எனப் பலர். எங்களுள் ஒருவரேனும் ஒக்ஸ்போர்டின் வாசலை மிதித்தவரல்லர். எனினும் கதை எங்களுடையதாகவே தோன்றியது. வீட்டை விட்டு வந்தவனுக்கு முதற் சிநேகம் எவ்வளவு பெரிது என்பதை விளக்க மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அவ்வாண்டு எங்களுக்குச் சாதாரண ஆண்டன்று. மே மாதம் 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகியது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும், திரும்பப் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. சில மாதங்கள் கழித்து, ஒக்ஸ்போர்டின் பழைய கற்சுவர்களும் கோபுரங்களும் திரையில் வரும்போது எங்கள் அறையில் யாரும் பேசவில்லை. நானூறு, ஐந்நூறு ஆண்டு பழைமை வாய்ந்த கட்டிடங்களுள்ளே மாணவர் அலட்சியமாக நுழைந்து வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தம் கட்டிடங்கள் நாளையும் அங்கே நிற்கும் என்று நம்புவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. அந்த நம்பிக்கையே அவர்களுடைய செல்வத்துட் பெரிய செல்வமாக அன்று எங்களுக்குத் தோன்றியது.

ஹார்ட்போர்ட்டின் சாளரம்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஒக்ஸ்போர்டுக்குப் புகையிரதம் ஒரு மணி நேரத்தளவிற் போய்ச் சேருகின்றது. நிலையத்திலிருந்து நடந்தே நகருட் செல்லலாம். ஒக்ஸ்போர்டில் ‘சர்வகலாசாலை எங்கே?’ என்று கேட்பவருக்கு விடை சொல்வது கடினம். தனித்தனிக் கல்லூரிகள் பல சேர்ந்ததே சர்வகலாசாலை. ஒவ்வொரு கல்லூரியும் தெருப்பக்கம் மதிலைக் காட்டி, உட்புறத்தில் முற்றத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றது. நமது பழைய நாற்சார் வீட்டைக் கல்லினாற் பெருக்கிக் கட்டியது போன்ற அமைப்பு: நான்கு புறமும் அறைகள், நடுவே வானம் பார்த்த முற்றம், ஒரே ஒரு வாசல், அதைக் காக்க ஒரு காவலர்.

நான் முதலிற் சென்றது ஹார்ட்போர்ட் கல்லூரிக்கு. தெருவின் இரு மருங்கிலுமுள்ள கட்டிடங்களை இணைத்து, 1914 இல் நிறைவெய்திய ஒரு மேம்பாலம் இங்குண்டு. வெனிஸ் நகரத்துப் பாலத்தின் பெயரால் ‘பெருமூச்சுப் பாலம்’ என்று அதை அழைக்கின்றனர். அதன் கீழே நின்று புகைப்படம் எடுப்போர் கூட்டம் ஓய்வதில்லை. ஆனால் நான் காண விரும்பியது பாலத்தையன்று. முற்றத்தை நோக்கிய கீழ்மாடி அறைச் சாளரத்தையே.

கதையில் சார்ல்சின் அறை கீழ்மாடியில் இருக்கின்றது. கீழ்மாடி அறை வேண்டாம், கண்டவரெல்லாம் உள்ளே வருவர் என்று மைத்துனன் ஒருவன் எச்சரிக்கின்றான். அவன் சொன்னபடியே ஓரிரவு, குடித்துவிட்டுத் தோழரோடு போய்க்கொண்டிருந்த செபஸ்தியன் திறந்த சாளரத்தினூடே தலையை நீட்டி அறைக்குள் வாந்தியெடுக்கின்றான். மறுநாள் அறை நிறையப் பூக்கள் வருகின்றன. மன்னிப்புக் கோரி விருந்துக்கு அழைப்பும் வருகின்றது. ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் திசைதிருப்பிய சிநேகம் இவ்வாறு ஆரம்பமாகின்றது. இக்காட்சிகள் ஹார்ட்போர்ட் கல்லூரியிலேயே படமாக்கப்பட்டன. அதற்குக் காரணமுண்டு. எவ்லின் வோ 1922 ஜனவரியில் மாணவராய் வந்து சேர்ந்தது இக்கல்லூரியிலேதான். படிப்பிலே சிரத்தை கொள்ளாமல், மூன்றாம் வகுப்புப் பெற்று, பட்டமேதும் வாங்காமலே 1924 இல் வெளியேறினார். தம்முடன் பகைத்த ஆசிரியர் கிரட்வெல் என்பவரின் பெயரைப் பிற்கால நாவல்களிலே அற்பப் பாத்திரங்களுக்குச் சூட்டிச் சூட்டிப் பழிதீர்த்துக்கொண்டார்.

முதல் முறை பார்த்தபோது அந்தச் சாளரக் காட்சிக்கு நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். இம்முறை என் கண் வேறொருவர்மீது சென்றது. லண்ட் என்பவர் சார்ல்சின் அறைப் பணியாள். மாணவரின் படுக்கையை மடித்து, அடுப்பை மூட்டி, உணவு கொண்டுவந்து கொடுக்கும் முதிய மனிதர். அவ்வறையைக் கழுவித் துடைத்தவர் அவரே. கதை அவரிடம் ஒரு கணமே தங்கி, பூக்களை நோக்கிப் போய்விடுகின்றது. இருபது வயதில் நாமும் கதையோடு சேர்ந்து போய்விடுகின்றோம். வயது ஏறியபின் லண்ட்டின் பக்கத்தில் சற்று நின்றுவிடுகின்றோம். மீண்டும் பார்ப்பதனால் விளையும் பயன்களுள் இதுவும் ஒன்று.

நூற்றொரு மணியோசை

ஹார்ட்போர்ட்டிலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி. செபஸ்தியனின் கல்லூரி இது. எட்டாம் ஹென்றி மன்னன் 1546 இல் நிலைநிறுத்திய பெருங் கல்லூரி. இதன் வாயிற் கோபுரம் கிறிஸ்தோபர் றென் என்ற சிற்பியின் கைவண்ணம். அதிலே தொங்கும் ‘கிரேட் டொம்’ என்னும் பெருமணி ஒவ்வோர் இரவும் 9 மணி 5 நிமிடத்துக்கு நூற்றொரு முறை ஒலிக்கின்றது. கல்லூரியின் ஆதி மாணவர் தொகையை நினைவூட்டுவது அந்த எண்ணிக்கை. ஒன்பது மணிக்கு மேல் ஐந்து நிமிடம் ஏன்? ஒக்ஸ்போர்ட், கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதனால் அங்கே சூரியன் ஐந்து நிமிடம் பிந்தியே உச்சியை அடைகின்றது. புகையிரதம் வந்தபின் நாடு முழுவதும் ஒரே நேரத்தைக் கைக்கொண்டது. இம்மணி மாத்திரம் இன்னும் தன் ஊரின் பழைய நேரத்துக்கே ஒலிக்கின்றது. தெருவோரத்தில் நின்று நூற்றொரு ஒலியையும் எண்ணி முடித்தேன். சுற்றிலும் மாணவர் மிதிவண்டிகளில் விரைந்துகொண்டிருந்தனர். ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாள்தோறும் கேட்பவர்க்கு அது கேட்பதில்லை போலும்.

கல்லூரியின் தென்புறத்தில் புல்வெளியை நோக்கி நிற்பது ‘மெடோ’ கட்டிடம். நாவலில் செபஸ்தியனின் அறைகள் இங்கேயே அமைந்தன. வோவின் நண்பரான ஹரல்ட் அக்டன் உண்மையாகவே இங்கு குடியிருந்தவர்; மேல்மாடி முகப்பிலே நின்று, ஒலிபெருக்கும் குழலை வாயில் வைத்து, கீழே போவோர் கேட்கக் கவிதை படித்தவர். அச்சம்பவம் நாவலிலும் தொடரிலும் இடம்பெற்றது. கரடிப் பொம்மைக்கும் உண்மை மூலம் உண்டு. பின்னாளில் அரசவைக் கவிஞராகிய ஜோன் பெட்ஜமன் மாணவப் பருவத்தில் ஆர்ச்சிபால்ட் என்ற பொம்மைக் கரடியை உடன் வைத்திருந்தார். தொடரில் நடித்த கரடியோ அமெரிக்காவிலே ஒரு மளிகைக் கடைத் தட்டில் பல்லாண்டு வீற்றிருந்து, பின் பீற்றர் புல் என்ற நடிகரிடம் வந்து சேர்ந்த பழம் பொம்மை.

இன்று கிறைஸ்ட் சேர்ச்சுக்குக் கட்டணம் செலுத்தி வரும் பிள்ளைகள் பலருக்குச் செபஸ்தியனைத் தெரியாது. ஹரி பொட்டர் படத்திற் கண்ட மாடிப்படியைத் தேடியே அவர்கள் வருகின்றனர். ஒவ்வொரு தலைமுறையும் தன் கதையைக் கொண்டுவந்து அதே கல்லின்மேற் சாய்த்து வைக்கின்றது.

நம் நாட்டவர் ஒருவர்

கிறைஸ்ட் சேர்ச்சின் முற்றத்தில் நின்றபோது கதையில் வராத ஒருவரின் நினைவும் எழுந்தது. செபஸ்தியன் உலாவியதாக நாவல் கூறும் அதே ஆண்டுகளில், அதே கல்லூரியில் இலங்கையர் ஒருவர் மாணவராயிருந்தார். அவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. 1921 இல் அங்கு சென்றவர். அங்கிருந்த ஆங்கில மாணவர்களின் ஒதுங்கிய போக்கினால் தொடக்கத்தில் தனிமையுற்றதைப் பிற்காலத்தில் அவரே தம் ஒக்ஸ்போர்ட் நினைவுகளில் எழுதியிருக்கின்றார். நாவன்மையால் அத்தனிமையை வென்றார். புகழ்பெற்ற மாணவர் வாதமன்றமாகிய ஒக்ஸ்போர்ட் யூனியனில் 1923 இல் செயலாளராகவும், அடுத்த ஆண்டில் இளைய பொருளாளராகவும் தெரிவுசெய்யப்பட்டார். வோவும் அதே மன்றத்திற் பேசியவர்.

அந்த மாணவர் ஊர் திரும்பி என்ன ஆனார் என்பதை இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆங்கில நாவன்மையால் அன்னியர் மத்தியிற் புகழ் பெற்றவர், 1956 இல் பிரதமராகி, சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். மறு ஆண்டில் தந்தை செல்வநாயகத்துடன் ஓர் உடன்படிக்கை செய்தார். 1958 இல் அதைக் கைவிட்டார். 1959 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். தனித்து விடப்பட்டவன் படும் துயரை ஒக்ஸ்போர்டில் தாமே அனுபவித்தறிந்தவர் அவர். கல்லூரி ஒருவருக்குப் பேச்சைக் கற்பிக்கலாம், துணிவைக் கற்பிக்கலாம். அங்கே பட்ட அனுபவத்தைப் பிறர் நிலையில் வைத்துப் பார்ப்பது, வெளியே வந்தபின் ஒவ்வொருவரும் தாமே படிக்கவேண்டிய பாடம். அம்முற்றத்தில் நின்று இதை எண்ணாமற் கடந்துபோக என்னால் முடியவில்லை.

கதையில் இடம்பெறாதவர் வேறும் பலர். ஒக்ஸ்போர்டில் 1920 முதல் பெண்களுக்குப் பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் அவர்கள் பெண்களுக்கான தனிக் கல்லூரிகளிலேயே பயின்றனர். சார்ல்சின் உலகத்திலே பெண்கள் படகோட்டப் போட்டி வாரத்தில் வந்துபோகும் விருந்தினர் மாத்திரமே. ஹார்ட்போர்ட் 1974 இலும், கிறைஸ்ட் சேர்ச் 1980 இலுமே பெண்களை மாணவராய் ஏற்றன. அதாவது, தொடர் ஒளிபரப்பாவதற்கு ஓராண்டு முன்னர்வரை செபஸ்தியனின் கல்லூரியில் ஒரு மாணவிக்கும் இடமிருக்கவில்லை. இன்று அம்முற்றத்தை எங்கள் நாட்டு மாணவியரும் கடந்து செல்லலாம். பழைமை அழகானது; ஆயினும் அதன் கதவு யார் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் கேட்டறிந்தபின் அதை வியப்பதே முறை.

காசில் ஹவார்ட்

நாவலில் பிரைட்ஸ்ஹெட் ஒக்ஸ்போர்டிலிருந்து மோட்டார் வண்டியில் ஒரு காலைப்பொழுதிற் சென்றடையும் தொலைவிலுள்ளது. செம்புற்றுப் பழமும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு நண்பர் இருவரும் வெயிலிற் புறப்படுகின்றனர். உண்மையில் அந்த வீட்டைக் காண யோர்க் நகரம்வரை புகையிரதத்திற் சென்று, அங்கிருந்து வடகிழக்கே பதினைந்து மைல் போகவேண்டும். வோ மனத்திற் கொண்ட குடும்பமும் வீடும் வூஸ்டர்ஷயரிலுள்ள மட்றஸ்பீல்ட் என்பர். படப்பிடிப்பாளர் தேர்ந்ததோ காசில் ஹவார்ட்டை. ஒரு முறை திரையிற் கண்டபின் வேறு வீட்டைக் கற்பனை செய்ய எவராலும் முடியாது.

மாளிகைக்குச் செல்லும் வீதி அம்புபோல் நேரானது. மேடும் பள்ளமுமாய் ஏறி இறங்கி, இருபுறமும் மரங்கள் அணிவகுக்க, மைற்கணக்காகச் செல்கின்றது. நடுவே ஒரு கற்றூண். அதற்கப்பால் மதில் வாயில்கள். இறுதியிற் குவிமாடம் தோன்றுகின்றது.

கார்லைல் பிரபுவுக்காக 1699 இல் இதைத் திட்டமிட்ட ஜோன் வன்பரு, முன்பு போர்வீரராகவும் பின் நாடகாசிரியராகவும் இருந்தவர். அதற்குமுன் ஒரு குடிசையேனும் கட்டியறியாதவர். அனுபவம் மிக்க நிக்கலஸ் ஹோக்ஸ்மூர் அவருக்குத் துணை நின்றார். வேலை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. இடையிற் பாணி மாறியது, பொறுப்பேற்றவர் மாறினர். ஆகையால் மாளிகையின் மேற்குச் சிறகும் கிழக்குச் சிறகும் ஒன்றோடொன்று ஒத்திரா. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு அப்பிழை தெரிவதில்லை.

தோட்டத்தின் நடுவே, உலக உருண்டையைத் தோளிற் சுமக்கும் அட்லஸ் உருவத்துடன் கூடிய நீரூற்று நிற்கின்றது. சார்ல்ஸ் அமர்ந்து சித்திரம் வரைந்த நீரூற்று அதுவே. உள்ளே ‘தோட்ட மண்டபம்’ என்ற ஓர் அறை. கதையில் சார்ல்ஸ் சுவரோவியம் தீட்டும் அறை இது. படப்பிடிப்பினால் வந்த பணத்தின் உதவியோடு இவ்வறை மீளக் கட்டப்பட்டு, பீலிக்ஸ் கெலி என்ற ஓவியரின் சித்திரங்களால் அணிசெய்யப்பட்டது. கற்பனை ஓவியன் கதையில் எழுதிய ஓவியம் மெய்யான சுவரில் இன்றும் இருக்கின்றது! மற்றொரு வேடிக்கையும் உண்டு. வணிகத் தொலைக்காட்சியினர் இவ்வீட்டிலே படமெடுத்து வெளியிட்ட காலத்தில், வீட்டுச் சொந்தக்காரராகிய ஜோர்ஜ் ஹவார்ட், போட்டி நிறுவனமான பி.பி.சி.யின் தலைவராக இருந்தார்.

எரிந்த குவிமாடம்

இந்தக் குவிமாடத்தைப் பற்றி அறிந்துகொண்ட ஒரு செய்தி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. நாம் காண்பது பழைய குவிமாடமன்று. யுத்தகாலத்தில் ஸ்கார்பரோ ஊர்ப் பெண்கள் பாடசாலையொன்று பாதுகாப்புக்காக இங்கு குடியேற்றப்பட்டிருந்தது. 1940 நவம்பரில் மூண்ட தீயிலே குவிமாடம் இடிந்து வீழ்ந்தது. பல அறைகள் கூரையிழந்தன. கூரையின் உட்புறத்தே வெனிஸ் ஓவியர் தீட்டிய சித்திரங்கள் அழிந்தன. பயனற்ற பெருவீடென்று விற்றுவிடும் யோசனைகூட எழுந்ததாம். யுத்தத்திலிருந்து மீண்ட ஜோர்ஜ் ஹவார்ட் அதற்கு இணங்கவில்லை. 1960களின் தொடக்கத்திற் குவிமாடம் மீண்டும் எழுந்தது. ஓவியமும் மீளத் தீட்டப்பட்டது. எண்பத்தைந்து ஆண்டுகளாக வெறுஞ்சுவராய் நின்ற திரைச்சீலை மண்டபம் 2025 இலேதான் புத்துயிர் பெற்றது.

லண்டன் வீட்டின் அந்தச் சிறிய அறையில் அன்று நாங்கள் நிலையானது என்று எண்ணி ஏங்கிய குவிமாடம், நாங்கள் பார்த்தபோதே இருபது வயதுதான் நிரம்பிய புதுக் குவிமாடம். அழியாத கட்டிடம் என்று எங்கும் ஒன்றில்லை. அழிந்ததை மீண்டும் கட்டுவோம் என்று மனிதர் சிலர் பிடிவாதம் பிடித்த இடங்களே உண்டு. யாழ்ப்பாணத்து நூலகமும் அதே வெண்ணிற உருவத்தில் மீளக் கட்டப்பட்டு, மீண்டும் மாணவர் அமர்ந்து படிக்கும் இடமாகியிருக்கின்றது. வெந்த சுவடிகள் திரும்பமாட்டா. வாசல் திரும்பியிருக்கின்றது.

எவ்லின் வோவுக்கும் இத்தகையதோர் அனுபவம் நேர்ந்தது. அவர் இந்நாவலை 1944 இன் முற்பாதியில், யுத்தகால உணவுப் பங்கீட்டின் வறட்சியிலே எழுதினார். நாட்டின் பெருமாளிகைகள் எல்லாம் அழிந்தே போகும் என்றெண்ணி இரங்கற்பா பாடினார். பதினைந்து ஆண்டுகளின் பின் எழுதிய முன்னுரையில், தாம் அழுதது பொருந்தாது போயிற்று, அம்மாளிகைகள் பிழைத்துக்கொண்டன என்று ஒப்புக்கொண்டார்.

வளர்ச்சி என்பது யாது?

கட்டிடத்தை மீட்கலாம். செபஸ்தியனை?

இளமையிற் பார்த்தபோது நாங்கள் அனைவரும் சார்ல்சின் பக்கம் நின்றோம். செபஸ்தியனின் தாய் மகனுக்குக் காவல் வைக்கின்றாள், பணத்தைத் தடுக்கின்றாள், நண்பனிடமும் அவனைக் கண்காணிக்கும்படி கேட்கின்றாள். அவளைக் கொடியவள் என்றோம். தாய் அறியாமற் பணம் கொடுத்து உதவிய சார்ல்சை உற்ற தோழன் என்றோம். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம் மதுக்கடை. இன்று பார்க்கும்போது, பிள்ளை தன் கண்முன்னே கரைந்து போவதைக் கண்டு, எதைச் செய்தாலும் பிழையாய் முடியும் நிலையில் நிற்கும் ஒரு தாயின் முகம் தெரிகின்றது. அவள் அன்பு நெருக்கியது; நண்பனின் அன்பு விட்டுக்கொடுத்தது. இரண்டும் அவனைக் காப்பாற்றவில்லை. யார்மீது குற்றம் என்று தீர்ப்புக் கூறாமல் விட்டதே இக்கதையின் பெருமை.

நம்முள் அநேகருக்குக் கல்லூரிக் காலத்திலே ஒரு செபஸ்தியனைத் தெரியும். வகுப்பிலே எல்லாரையும் சிரிக்க வைத்தவன், எல்லாரினும் கெட்டிக்காரன், பின்னர் எங்கோ தவறிப் போனவன். நாம் தொழில் தேடினோம், மணம் முடித்தோம், வீடு வாங்கினோம். அவன் பெயர் வந்தால் ஒரு கணம் மௌனமாகிப் பேச்சை மாற்றினோம். கதையில் சார்ல்ஸ் ஒரே ஒரு முறை மொரோக்கோவுக்குச் சென்று, நோயுற்றுக் கிடந்த நண்பனைக் கண்டு வருகின்றான். பின்னர் தன் ஓவியம், தன் காதல் என்று வாழ்கின்றான். ஆண்டுகள் கழித்து நண்பனை மீண்டும் தேடிப் போனவள், அழகியென்று எவரும் கருதாத கடைக்குட்டித் தங்கை கோர்டீலியா. வட ஆபிரிக்காவில் ஒரு துறவியர் மடத்தின் வாசலிலே, பாதி உள்ளும் பாதி வெளியுமாக அவன் வாழ்கின்றான் என்ற செய்தியை அவளே கொண்டுவருகின்றாள். அவள் சொல்லும்போது அதிலே வெறுப்புமில்லை, புலம்பலுமில்லை. இருபது வயதில் கோர்டீலியாவை நாங்கள் பொருட்படுத்தவில்லை. இன்று கேட்டால், இக்கதையிலே உண்மையாக வளர்ந்து முதிர்ந்தவள் அவள் ஒருத்தியே என்பேன்.

தொடரின் முற்பகுதியில், வெயிலில் மரநிழலிற் படுத்திருக்கும் செபஸ்தியன் விளையாட்டாக ஓர் ஆசையை வெளியிடுகின்றான்: தான் இன்புற்ற இடந்தோறும் அரிய பொருளொன்றைப் புதைத்து வைத்தால், வயோதிபத்தில் வந்து அகழ்ந்தெடுத்து அந்நாளை மீட்டுக்கொள்ளலாமே என்று. இளைஞர்க்கு அது அழகிய நினைப்பு. ஆனால் கதையின் முடிவில் அவ்விடத்துக்குத் திரும்பி வருபவன் சார்ல்ஸ். படைவீரர் மாளிகையைப் பாழ்படுத்தியிருக்கின்றனர். நீரூற்றுக் குப்பை நிறைந்து கிடக்கின்றது. அகழ்ந்தெடுக்க அங்கு ஒன்றுமில்லை. எனினும் அவன் மாடியேறிச் செல்கின்றான். அங்கே முதிய ஆயா ஹோக்கின்ஸ் இன்னும் அமர்ந்திருக்கின்றாள். கீழே சிற்றாலயத்தில் ஒரு சிறு விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டிருக்கின்றது. வந்தபோதிருந்த வாட்டம் நீங்கியவனாய் அவன் வெளியே வருகின்றான்.

காசில் ஹவார்ட்டின் தோட்டத்தில் அன்று பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமொன்று நீரூற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இது பிரைட்ஸ்ஹெட்டுமன்று, நினைவுச் சின்னமுமன்று. ஓடுவதற்கு ஏற்ற பெரிய புல்வெளி. அவ்வாறே இருக்கவேண்டியது. இடங்கள் எப்போதும் இளையவர்க்கே உரியன. மூத்தவர் திரும்பி வந்து அங்கே தேடுவது, கூட இருந்த மனிதரை. அவர்களைக் கல்லிலும் மண்ணிலும் தேடிப் பயனில்லை. உயிரோடிருக்கும்போது அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதும், ஒரு முறை நேரிற் சென்று கதவைத் தட்டுவதும் எந்தப் பிரயாணத்திலும் மேலானவை. ஒக்ஸ்போர்டையும் யோர்க்ஷயரையும் காணும் வாய்ப்புப் பெறும் மாணவர் தவறாது காண்க. அதற்கு முன், ஒரு காலத்தில் தங்களோடு ஒரே வாங்கில் இருந்தவன் இன்று எங்கிருக்கின்றான் என்று விசாரித்தறிவார்களாயின், இத்தொடர் புகட்டும் பாடத்தைப் பிரயாணமின்றியே கற்றவராவர்.